ஏ லிஃப்டும் பென்சில் அட்டையும்

பிப்ரவரி 12, வியாழன்

முட்டிக்கு மூன்றாவது ஊசி. மாடிப்படி ஏறவே கூடாது என்றார் டாக்டர். நான் எங்கே ஏறுகிறேன்? மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் இருக்கிறது, அதில் போகிறேன், வருகிறேன்.

வீட்டுக்கு வந்து உட்காரவில்லை, ஃபாதர் இன்னாசியின் போன். புதுப் பங்குச்சாமியார். கோலார் தங்கவயல்காரர், முப்பத்தாறு வயது, எதற்கும் அவசரம். "நம்ம ஜனங்க கோயிலுக்குள்ள மட்டும்தான் கத்தோலிக்கரா இருக்காங்க அங்கிள். வாசல் தாண்டினா எல்லாத்தையும் கழட்டி வெச்சிடுறாங்க" என்றார். தவக்காலத்துக்குச் சாட்சிய அட்டை என்று ஒன்று கொண்டுவருகிறாராம். இந்த வாரம் வெளி ஆட்கள் நடுவில் உன் விசுவாசம் எங்கே தெரிந்தது என்று இரண்டு வரி எழுதி, பெயர் போடாமல் பெட்டியில் போட வேண்டும். அதைப் படித்து, பத்து பொறுக்கி, டைப் அடித்துக் கொடுப்பது என் வேலை. பூசை முடிவில் அவர் வாசிப்பார்.

முப்பத்தொரு வருடம் தொழிற்சாலை நிர்வாகப் பிரிவில் சுற்றறிக்கை எழுதியவன் என்பதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அபார்ட்மெண்ட் சங்கத்துக்குச் செயலாளர் ஆனதும் இதே தகுதியால்தான்.

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வராதா உங்களுக்கு?" என்றாள் கேரல்.

வராது. கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம், இன்னுமா தெரியவில்லை இவளுக்கு.

பிப்ரவரி 18, திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பலோடு வந்தேன். லிஃப்ட் வாசலில் 501 சுப்ரமணியன், எங்கள் சங்கத் தலைவர். "ஓ, இன்னிக்கு நீங்களும் எங்க கட்சியா?" வருடாவருடம் இதே ஜோக். நானும் வருடாவருடம் சிரிக்கிறேன். நல்ல மனிதர்.

எங்கள் இரண்டு லிஃப்டில் பி லிஃப்டுக்கு இன்னும் உதிரிபாகம் வரவில்லை. அது நின்று ஒரு மாதம் ஆகிறது. கம்பெனிக்கு மூன்றாவது கடிதம் அனுப்பினேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

நானூறு அட்டை அச்சடித்தோம். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். பிரசங்கம் முடியும்வரை விசிறிக்கொள்ள வசதியாக இருந்தது.

மார்ச் 1, ஞாயிறு

முப்பத்தேழு அட்டை வந்தது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினமும் ஒரு வசனம் போட்டவர்கள் பதினொரு பேர். காரில் மாதா ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் ஐந்து பேர். ஒருவர்: "ஆபீஸ் கேண்டீனில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன். யாரும் பார்க்கவில்லை." இந்த அட்டை எனக்குப் பிடித்தது. முதலில் வைத்தேன்.

ஒருத்தர் விடாமல் நல்லவர்கள். படித்துப் படித்து அலுத்துப்போயிற்று. என்னுடைய அட்டை? இந்த டைரிக்குள்தான் இருக்கிறது. வெறுமையாக.

மார்ச் 8, ஞாயிறு

நாற்பத்தோரு அட்டை. அதில் ஒன்று பென்சிலில். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"நான் வேலை செய்ற அபார்ட்மெண்ட்ல நாங்க ஏறுற லிஃப்ட் கெட்டுப்போச்சு. நல்ல லிஃப்ட்ல நாங்க ஏறக் கூடாது. ஞாயித்துக்கிழமை பூசையில எனக்கு சமாதானம் சொன்னவர் திங்கக்கிழமை அந்த லிஃப்ட்டுக்குள்ள இருந்தார். கதவு மூடிச்சி. நான் படியில ஏறினேன். கோவப்படல. இது சாட்சியா என்னானு தெரியல."

நான்கு தரம் படித்தேன். கேரல் சாப்பிடக் கூப்பிட்டாள். பசிக்கவில்லை என்றேன்.

யார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. லில்லிபுஷ்பம். லிங்கராஜபுரத்திலிருந்து வருகிறாள். எங்கள் வீட்டில் பாத்திரம், தரை. எங்களுக்கு நேர் மேலே 403-இல் நார்பெர்ட்டின் அம்மாவைக் குளிப்பாட்டுவது. அப்புறம் சுப்ரமணியன் வீடு. ஞாயிறு காலை ஆறு மணித் தமிழ்ப் பூசைக்கு வருவாள். நானும் அதற்குத்தான் போகிறேன். போன வாரம் பூசை நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் திரும்பிக் கும்பிட்டேன், பின்வரிசையில் அவள்தான் இருந்தாள். திங்கட்கிழமை லிஃப்டுக்குள் இருந்தது நானா? ஏழு மணிக்குப் பால் வாங்கிக்கொண்டு மேலே வந்தேன். இருந்திருப்பேன்.

அந்த நோட்டீஸை எழுதியவன் நான். கொரோனா இரண்டாவது அலையில் எழுதினேன். "வீட்டுப் பணியாளர்கள், டெலிவரி ஊழியர்கள் பி லிஃப்ட்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும்." கீழே என் கையெழுத்து. வியாதி போய்விட்டது. நோட்டீஸை யாரும் எடுக்கவில்லை. இப்போது பி லிஃப்டும் ஓடவில்லை. ஏழு வாரமாக இந்தப் பெண்கள் எப்படி ஏறுகிறார்கள் என்று நான் ஒரு நாள், ஒரே ஒரு நாள் யோசித்தேனா?

மார்ச் 10, செவ்வாய்

சுப்ரமணியனிடம் போய், நோட்டீஸை எடுத்துவிடலாம் என்று சொல்லலாம். இரண்டு மாடிதான். லிஃப்டில் போனால் அரை நிமிடம்.

போகவில்லை. பென்சில் அட்டையைப் பத்தாவதாக டைப் அடித்து ஃபாதருக்கு அனுப்பிவிட்டேன். யாருடையது என்றோ, எந்தக் கட்டிடம் என்றோ சொல்லவில்லை. அவர் வாசிக்கட்டும். கேட்கிறவர்கள் கேட்கட்டும். எங்கள் கட்டிடத்தில் ஐந்து கத்தோலிக்கக் குடும்பங்கள், அவர்களுக்கே உறைக்கும், அவர்களே பேச்செடுப்பார்கள். நான் வாயைத் திறக்க வேண்டியிராது.

அனுப்பியபின் நல்ல காரியம் செய்தாற்போலத்தான் இருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

இரண்டு பூசையிலும் வாசித்தார். ஆறு மணிப் பூசையில் நான் என் முட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு மணி இங்கிலீஷ் பூசையில் ஃபாதரே மொழிபெயர்த்துச் சொன்னாராம். அதில் வாசகம் வாசிக்கிறவர் நார்பெர்ட்.

மார்ச் 16, திங்கள்

நார்பெர்ட் மாலையில் வந்தார். உட்காரவில்லை. "அங்கிள், சர்ச் வேற, அசோசியேஷன் வேற. ஒரு மெய்டு நம்ம பில்டிங் விஷயத்த பல்பிட் வரைக்கும் கொண்டுபோனா, நாளைக்கு வேற என்ன கொண்டுபோவாங்க?"

"அவங்கதான் எழுதினாங்கன்னு உங்களுக்கு எப்படி..."

"வேற யாரு?"

நானும் அதையேதான் நினைத்தேன். அட்டையை அனுப்பியது நான் என்றாவது சொல்லியிருக்கலாம். அதுவும் வாயில் வரவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

லில்லிபுஷ்பத்தை 403-இல் நிறுத்திவிட்டார்கள். ஆறு வருடம் அந்தப் படுக்கையிலிருக்கும் அம்மாவுக்கு எல்லாம் செய்தவள்.

சமையலறையில் கேரலிடம் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சார், நான் கோயில்ல என்னாமோ எழுதிப் போட்டேனாம். என்னா சார் போட்டேன்? எனக்கு எங்க சார் எழுத வரும்? மாசாமாசம் கேட்ல இருக்கிற புக்குல நீங்கதானே சார் கையெழுத்து போட்றீங்க, என் கைநாட்டுக்குக் கீழ?"

ஐயோ.

கீழே போய் வேலையாட்கள் வருகைப் பதிவேட்டை வாங்கிப் புரட்டினேன். வாட்ச்மேன் முனிகிருஷ்ணன், "யாகே சார், எதுக்குப் பாக்கறீங்க, ஏதாவது மிஸ்ஸிங்கா?" என்றான். ஒன்றும் காணாமல் போகவில்லை. எல்லாம் இருந்தது. ஐந்து வருடமாக அவள் பெயருக்கு எதிரே நீல மையில் கட்டைவிரல் ரேகை, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "சரிபார்த்தேன் - ஆம்ப்ரோஸ்." என்னத்தைச் சரிபார்த்தேன்?

அப்படியானால் எழுதியது யார்? எங்கள் பங்குக்குள் எத்தனை அபார்ட்மெண்ட்! எல்லாவற்றிலும் இப்படி ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. எந்த வீட்டுப் பெண்ணோ எந்த லிஃப்டைப் பற்றியோ எழுதியிருக்கிறாள். நான் அதை எங்கள் லிஃப்ட் என்று நினைத்தேன், நார்பெர்ட்டும் அப்படியே நினைத்தார். குற்றமுள்ள நெஞ்சுகள் இரண்டு சேர்ந்து இவள் பிழைப்பில் மண்ணைப் போட்டன.

மார்ச் 18, புதன்

நார்பெர்ட்டிடம் போய் அவளுக்கு எழுதத் தெரியாது என்றேன். "அப்ப யார்கிட்டயாவது சொல்லி எழுதியிருப்பாங்க அங்கிள்" என்றார். அட்டையை ஃபாதரிடம் கொடுத்தவன் நான் என்றேன். கதவின் பிடியில் கை வைத்தார். "யூ டூ அங்கிள்?" கதவைச் சாத்தவில்லை, ஆனால் உள்ளே வாங்க என்று சொல்லவும் இல்லை.

சாயங்காலம் ஃபாதரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். முகம் வாடிவிட்டது அவருக்கு. "நான் வாசிச்சிருக்கக் கூடாதா அங்கிள்?"

"நீங்க வாசிச்சது தப்பில்ல ஃபாதர். நான் பேச வேண்டியத உங்க வாயில போட்டேன்."

"ஞாயித்துக்கிழமை நான் ஒரு விளக்கம் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். கோயிலுக்குள் சொல்வதெல்லாம் எனக்குச் சௌகரியம்தான். ஞாயிறு மாலை சங்கத்தின் பொதுக்குழு இருக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

கீழே பார்க்கிங்கில் கூட்டம். இருபத்தெட்டு வீட்டார் வந்திருந்தார்கள். தண்ணீர் லாரி, குப்பை, நாய் எல்லாம் முடிந்து "இதர விஷயங்கள்" வந்தது. எழுந்தேன். ஆயிரம் சுற்றறிக்கை எழுதியிருக்கிறேன், நின்று பேசியதில்லை.

"அந்த லிஃப்ட் நோட்டீஸ் நான் எழுதினது. அதை வாபஸ் வாங்கணும்னு கேக்கறேன். பி லிஃப்ட் நின்னு ரெண்டு மாசம் ஆச்சு. நமக்கு வேலை செய்றவங்க அஞ்சு மாடி ஏறி வர்றாங்க. இதை நான் இத்தன நாள் சொல்லாம இருந்தது என் தப்பு. எங்க கோயில்ல ஒரு அட்டை வாசிச்சாங்க, அது லில்லிபுஷ்பம் எழுதினது இல்ல. அவங்களுக்கு எழுதத் தெரியாது. அதைக் கொடுத்தது நான்."

கோயில் பேச்சு இங்கே எதற்கு என்றார் ஒருவர். லிஃப்டில் துடைப்பத்தோடு வந்தால் குழந்தைகளுக்கு இன்ஃபெக்‌ஷன் என்றார் இன்னொருவர். பி லிஃப்ட் சரியாகிவிட்டால் பிரச்சினையே இல்லையே என்றார் நார்பெர்ட், மரியாதையாகத்தான். கை தூக்கச் சொன்னார்கள். எனக்கு ஏழு, எதிரே பத்தொன்பது. ஏழில் ஒரு கை கேரலுடையது. கடைசி வரிசையில், தோள்வலியோடு, எல்லாரையும்விட உயரத் தூக்கியிருந்தாள்.

சுப்ரமணியன் தலைவர் என்பதால் கை தூக்கவில்லை. கூட்டம் முடிந்ததும், "முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே ஆம்ப்ரோஸ்" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். இரண்டு மாடி ஏறி அவரிடம் போகாதது நினைவுக்கு வந்தது.

ராஜினாமா செய்கிறேன் என்றேன். செயலாளர் வேலைக்கு வேறு ஆள் இல்லை என்று அதையும் ஏற்கவில்லை.

மார்ச் 23, திங்கள்

தோற்றுவிட்டேன். நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

மார்ச் 25, புதன்

பழைய நோட்டீஸைத் தேடி எடுத்துப் படித்தேன். நாலாவது விதி: "குடியிருப்போருடன் சேர்ந்து செல்லும் பணியாளர்களுக்கு இக்கட்டுப்பாடு பொருந்தாது." குழந்தை வண்டி தள்ளும் ஆயாக்களுக்காகவும், சக்கர நாற்காலி தள்ளுகிறவர்களுக்காகவும் அன்று நானே சேர்த்தது.

நான் குடியிருப்போன். எனக்கு இரண்டு கால் இருக்கிறது. ஒன்றரை என்று வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 26, வியாழன்

ஏழேகாலுக்குக் கீழே இறங்கி ஏ லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலைக்கு வரும் இரண்டு இளம் பெண்கள் என்னையும் முனிகிருஷ்ணனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏறினார்கள். லில்லிபுஷ்பம் ஏறவில்லை.

"வேணாம் சார். உங்களால ஒரு வீடு போச்சி. மீதி ரெண்டயாவது காப்பாத்திக்கிறேன்."

படியில் ஏறிப் போய்விட்டாள். இடது கையால் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். அவளுக்கும் அதே முட்டிதான், ஊசி போட ஆளில்லை. இதை இத்தனை நாள் நான் பார்த்ததில்லை.

மார்ச் 28, சனி

இன்றும் நின்றேன். இன்றும் படியில்தான் போனாள். மற்றவர்கள் நான்கு பேர் ஆகிவிட்டார்கள். அதனால் இரண்டு தரம் மேலே போய் வருகிறேன். "லிஃப்ட் ஆப்பரேட்டர் சார், காபி ஆறுது" என்கிறாள் கேரல்.

நார்பெர்ட் சங்கத்துக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்பியிருக்கிறார், ஒரு குடியிருப்பாளர் விதியை மீறுகிறார் என்று. சங்கத்துக்கு வரும் புகாருக்குப் பதில் எழுத வேண்டியவர் செயலாளர். எழுதினேன். "தங்கள் புகார் பெறப்பட்டது. விதி நான்கின்படி மீறல் ஏதும் இல்லை." இத்தனை வருடத்தில் இவ்வளவு ரசித்து எழுதிய கடிதம் வேறில்லை.

சுப்ரமணியன் போன் செய்து, "அந்த நாலாம் விதியை யார் சாமி போட்டது?" என்று கேட்டுச் சிரித்தார். ஆனால் அவரே கீழே வந்து நிற்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

சமாதானம் சொல்லும் நேரத்தில் நின்று பின்வரிசைகளைப் பார்த்தேன். ஓலைக் குருத்தோடு முப்பது நாற்பது பெண்கள், எல்லாரும் பூசை முடிந்து நேரே வேலைக்குப் போகிறவர்கள். யார் அந்தப் பென்சில்காரி? எல்லாப் பக்கமும் திரும்பிக் கும்பிட்டேன். கேரல் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ஏப்ரல் 1, புதன்

முட்டி வீங்கிவிட்டது. இதனால் என்ன ஆகப்போகிறது? ஒரு நோட்டீஸ் போகவில்லை, ஒரு மனம் மாறவில்லை. காலையில் எழுந்து கீழே போவதே மலைப்பாக இருக்கிறது. போனேன்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதையில் முழந்தாளிட முடியவில்லை, நின்றுகொண்டே இருந்தேன்.

மேலே 403-இலிருந்து இரண்டு நாளாக அந்த அம்மாவின் கூச்சல், குளியலறைச் சந்து வழியாக எங்கள் வீடுவரை கேட்கிறது. புதிதாக வந்தவள் தொட்டாலே அலறுகிறார்களாம். வந்த இரண்டு பேரும் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். இன்று நார்பெர்ட்டே குளிப்பாட்டப் பார்த்திருக்கிறார். "ஐயோ மானம் போகுதே" என்று அந்த அம்மா அழுதது தெளிவாகக் கேட்டது. கேரல் காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கு நார்பெர்ட்டின் மேல் இருந்த கோபம் கொஞ்சம் கரைந்தது.

ஏப்ரல் 5, உயிர்ப்பு ஞாயிறு

சாட்சிய அட்டைத் திட்டம் இன்றோடு முடிந்தது. மொத்தம் இருநூற்றுச் சொச்சம் அட்டை. ஃபாதர் நன்றி சொல்லிவிட்டு, "உங்க அட்டை எங்க அங்கிள்?" என்றார். மறந்துவிட்டேன் என்றேன். இந்தப் பக்கத்துக்கு அடியில்தான் இருக்கிறது. எழுத ஒன்றும் தோன்றவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே லில்லிபுஷ்பம் கேரலிடம் சொன்னாள், ஹாலில் இருந்த எனக்கும் கேட்கட்டும் என்றுதான். நேற்று சாயங்காலம் நார்பெர்ட் லிங்கராஜபுரத்தில் அவள் வீட்டுக்கே போயிருக்கிறார். அம்மா சாப்பிடமாட்டேன் என்கிறார்கள், நாளைக்கே வந்துவிடு என்று கேட்டிருக்கிறார்.

"பெரியம்மாக்காக வர்றேன் சார்னேன். ஆனா படியில ஏறி வர மாட்டேன்னு சொல்ட்டேன். ஆம்ப்ரோஸ் சார் கூட்டிகினு போறாரே, அந்த மாதிரி நீங்க கீழ வந்து கூட்டிகினு போங்க. இல்லனா வேணாம்."

கேரலின் கை நின்றுவிட்டது. "அதுக்கு என்ன சொன்னாரு?"

"பைக்க எடுத்துகினு போய்ட்டாரு."

அவளுக்கு வேலைக்கு இன்னொரு வீடு வேண்டும். 403 போனதிலிருந்து குறைகிறதை மகனின் ஆட்டோ வருமானம்தான் ஈடுகட்டுகிறது. அப்படியிருந்தும் இப்படிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நான் பால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 8, புதன்

முட்டி மடங்கவில்லை. எண்ணெய் தேய்த்து, ஏழேகால் தாண்டி ஏழு இருபத்தைந்துக்குத்தான் இறங்க முடிந்தது. போயிருப்பாள், படியில் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே கீழே வந்தேன். லிஃப்ட் கதவு திறந்தது.

வெளியே நார்பெர்ட். அரைக்கால் டிரவுசர், கலைந்த தலை, முகம் கழுவினாற்போலக்கூட இல்லை. என்னைப் பார்த்து, "மார்னிங் அங்கிள்" என்றார், எங்கோ பார்த்தபடி. பக்கத்தில் லில்லிபுஷ்பம், துணிப்பையோடு. நான் வெளியே வந்து வழிவிட்டேன். நார்பெர்ட் ஏறி, கதவு மூடாமல் கையால் பிடித்துக்கொண்டார். அவள் ஏறினாள்.

"நீங்களும் வாங்க சார், எடம் கீது" என்றாள்.

ஏறினேன். நார்பெர்ட் பொத்தான் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார், எந்தப் பொத்தானையும் அமுக்காமல்.

"மூணும் நாலும் அமுக்குங்க சார்" என்று அவரிடம் சொன்னாள். என்னிடம், "நீங்க மூணுல எறங்கிக்கங்க. பெரியம்மாவக் குளிப்பாட்டிட்டு நம்ம வீட்டுக்கு வர்றேன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

மூன்றில் இறங்கினேன். கதவு மூடியது. நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், நாலாவது மாடியில் கதவு திறக்கும்வரை.